மாட்டு வண்டியில் பெட்ரோல், ஆகாயத்தில் தபால்!

தென்னேரி ஏரிக்கரையில் ஒரு நாள் காலை நின்றுகொண்டிருந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் அது ஒன்று. திரையன் என்ற மன்னன் பெயரால் திரையனேரி என்று இருந்ததாம். ஜனங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து தென்னேரி ஆகிவிட்டது என்று சொல்வார்கள்.

தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் பரந்தூரில் புதிய விமான நிலையம் வரப் போகிறது என்று 2022-ம் ஆண்டில் அறிவிப்பு வந்தது. அது முதல் இந்தப் பக்கத்தில் விமானம் என்றால் நிலத்தைப் பற்றிய கவலைதான் முதலில் வருகிறது. அது பெரிய விஷயம். தனியாக எழுத வேண்டியது.

ஊருக்குள் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். திண்ணையில் உட்காரச் சொன்னார்கள். சுவர் நிறையக் கண்ணாடி போட்ட படங்கள். கலியாணப் படம், பட்டாளத்து உடையில் ஒருவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு பாட்டி. அந்தப் பாட்டி யார் என்று கேட்டேன். வீட்டு அம்மாளுக்குத் தெரியவில்லை. மாமியாருக்குத் தெரிந்திருக்கும், அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று என்றார். படத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தோம். பூச்சி அரித்த அட்டைதான் இருந்தது. ஒரு எழுத்துக் கூட இல்லை.

அந்த வீட்டுப் பையன் கெட்டிக்காரன். பாட்டி படத்தை விட்டுவிட்டு என்னிடம் வேறு ஒன்று கேட்டான். சென்னைக்கு முதன்முதலில் விமானத்தில் தபால் கொண்டுவந்தது யார் என்று! அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கதையில் ஒரு பழைய புகைப்படம் வருகிறது. சின்னஞ்சிறு விமானம் ஒன்று. அதன் அருகே ஒல்லியான ஒரு வாலிபர். அந்தப் படத்துக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, இடம் உண்டு. அந்த வாலிபர்தான் ஜே.ஆர்.டி. டாட்டா.

விமானத்தோடு பிறந்தவர்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பது முழுப் பெயர். வீட்டில் செல்லமாக ‘ஜே’ என்று கூப்பிடுவார்கள். 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாட்டா, பார்சி வியாபாரி. இரும்புத் தொழிலுக்கு வித்திட்ட ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு உறவினர், கம்பெனியில் பங்காளி. தாய் சுஸான், பிரெஞ்சுப் பெண். கலியாணம் ஆனதும் சூனி என்று பெயர் வைத்துக்கொண்டார். ஐந்து குழந்தைகளில் ஜே இரண்டாவது.

விமானத்துக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் பிறப்பதற்கு ஏழரை மாதம் முன்புதான், 1903 டிசம்பர் 17-ந் தேதி, அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானத்தில் பறந்தார்கள். எத்தனை நேரம் தெரியுமா? 12 வினாடி! 120 அடி தூரம்!

அந்த 12 வினாடியைப் பற்றி உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? ஒரு படம் இருக்கிறது. தம்பி ஆர்வில் காமிராவை முக்காலியில் வைத்துவிட்டு விமானத்தில் ஏறிப் படுத்துக்கொண்டார். கடற்கரையில் உயிர்காக்கும் படையில் வேலை செய்த டேனியல்ஸ் என்பவரிடம் ரப்பர் குமிழைக் கொடுத்து, விமானம் எழும்பியதும் அழுத்தச் சொன்னார். டேனியல்ஸ் அதற்கு முன் காமிராவையே தொட்டதில்லை. ஆனாலும் சரியான நேரத்தில் அழுத்திவிட்டார். அந்தக் கண்ணாடித் தகட்டைச் சகோதரர்கள் ஊருக்குக் கொண்டுபோய், வீட்டுக் கொல்லையில் இருந்த கொட்டகையில் கழுவிப் படமாக்கினார்கள். 1913-ல் ஊருக்குள் வெள்ளம் வந்தது. கொட்டகைக்குள் இருந்த தகடுகள் எல்லாம் நனைந்தன. முதல் பறப்பின் தகட்டிலும் ஒரு மூலை உரிந்து போயிற்று. நல்ல வேளை, விமானம் இருந்த இடத்துக்கு ஆபத்து இல்லை. இன்றைக்கு அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கடற்கரைக்கு வந்த அதிசயம்

ஜேயின் குடும்பத்துக்குப் பிரான்சின் வட கடற்கரையில், ஆர்டெலோ என்ற ஊரில் ஒரு வீடு இருந்தது. கோடைக் காலத்தில் தாயும் பிள்ளைகளும் அங்கே போய்விடுவார்கள். அதே ஊரில் இன்னொரு குடும்பமும் கோடைக்கு வரும். அந்தக் குடும்பத்தின் தலைவர் லூயி பிளேரியோ.

பிளேரியோ சாதாரண ஆள் அல்ல. 1909-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள கடலை விமானத்தில் தாண்டிய முதல் மனிதர். கப்பல் இல்லாமல் கடலைத் தாண்டியவர்! உலகமே அவரைக் கொண்டாடியது.

அவருடைய மகனும் ஜேயும் கூட்டாளிகள். சில நாட்களில் பிளேரியோவின் விமானம் ஆர்டெலோ கடற்கரை மணலிலேயே வந்து இறங்கும். ஓட்டி வருபவர் பேகூ. ஆகாயத்தில் தலைகீழாகக் கரணம் அடித்துக் காட்டிப் பேர் பெற்றவர். மணலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் ஓடிப் போய்ச் சுற்றி நிற்பார்கள். மூங்கில் தட்டி போல மெல்லிய சட்டம். அதன் மேல் துணி. நடுவில் ஓர் இயந்திரம். அவ்வளவுதான் அந்தக் காலத்து விமானம். அதைப் பார்த்த ஜே, தாமும் விமானி ஆவது என்று அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டார்.

15-வது வயதில் அதே ஆர்டெலோவில் ஒரு விமானத்தில் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார். முதல் உலகப் போர் முடிந்த சமயம் அது. ஆசை வெறியாகிவிட்டது. ஆனால் ஆசை நிறைவேற இன்னும் பத்து வருஷம் காத்திருக்க நேர்ந்தது.

அதற்குள் வீட்டில் அடி மேல் அடி. 1923-ல் தாய் காலமானார். காச நோய். மூன்று வருஷம் கழித்துத் தந்தையும் போய்விட்டார். 22 வயதில் தம்பி தங்கைகளுக்கு அவர்தான் பொறுப்பு. பிரான்சில் வளர்ந்த பிள்ளை, பம்பாயில் டாட்டா கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டிருந்தார். ஆர்டெலோ வீடும், கடற்கரையும், கோடை நாட்களும் கனவு போல ஆகிவிட்டன.

முதல் நம்பர் லைசென்சு

1928-ல் பம்பாயில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கிளப் ஆரம்பமாயிற்று. சேதி கேட்டதும் ஜே அங்கே போய் நின்றார். சில மணி நேரப் பயிற்சிதான். தனியாக ஓட்டத் துணிந்துவிட்டார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அவருக்கு லைசென்சு கிடைத்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட விமானி லைசென்சுகளில் அதன் நம்பர் 1.

பிற்காலத்தில் எத்தனையோ பட்டங்கள் வந்தன. பெரிய கம்பெனிகளுக்குத் தலைவரானார். ஆனால் அந்தச் சின்ன லைசென்சு தந்த சந்தோஷத்தை வேறு எதுவும் தரவில்லை என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் ஆகாகான் ஒரு போட்டி வைத்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே, எந்தப் பக்கத்திலிருந்தாவது, ஒரு மாதத்துக்குள் தன்னந்தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. மூன்று பேர் இறங்கினார்கள். மன்மோகன் சிங் என்ற பஞ்சாபி. ஆஸ்பி என்ஜினீயர் என்ற 17 வயதுப் பார்சிப் பையன். மூன்றாவது ஜே. அவர்கள் இருவரும் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். ஜே கராச்சியிலிருந்து எதிர்த் திசையில் புறப்பட்டார்.

எகிப்து நாட்டில் அபுகீர் என்ற இடத்தில் ஜே இறங்கினார். அங்கே ஆஸ்பி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். விமானத்தின் ஸ்பார்க் பிளக் கெட்டுவிட்டது. மாற்றுவதற்கு வேறு இல்லை. போட்டியில் ஒருவன் நின்றுவிட்டால் மற்றவனுக்கு லாபம் அல்லவா? ஜே அப்படி நினைக்கவில்லை. தம்மிடம் இருந்த பிளக்குகளைக் கொடுத்துவிட்டார். ஆஸ்பி பதிலுக்குத் தன்னுடைய மிதவைச் சட்டையை அவருக்குக் கொடுத்தான்.

யார் ஜெயித்தது? ஆஸ்பிதான்! சில மணி நேரத்தில் ஜேக்குப் பரிசு போயிற்று. அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தப் பையன் பின்னால் இந்திய விமானப் படையில் சேர்ந்து, 1960-ல் அதன் தளபதியாகவே ஆனான். ‘ஆனான்’ என்று எழுதுவது தவறு. ஆனார்.

தபால் பறந்தது

நெவில் வின்சென்ட் என்று ஒரு வெள்ளைக்கார விமானி. போரில் விமானம் ஓட்டியவர். இந்தியாவில் ஊர் ஊராகப் போய், காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை விமானத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. லண்டனிலிருந்து வரும் விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயிலில்தான் வர வேண்டும். அதையும் ஏன் விமானத்தில் கொண்டுவரக் கூடாது?

யோசனை ஜேயிடம் வந்தது. கரும்பு தின்னக் கூலியா! ஆனால் டாட்டா கம்பெனியின் தலைவராக அப்போது இருந்த தொராப் டாட்டா தயங்கினார். மெல்ல மெல்லச் சம்மதிக்க வைத்தார்கள். இரண்டு லட்சம் ரூபாய் முதல். சர்க்கார் வேறு இழுத்தடித்தது. மூன்று வருஷம் அலைந்து, 1932 ஏப்ரலில்தான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சர்க்கார் மானியம் ஒரு காசு கிடையாது.

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. கராச்சி விமானத் திடல். விடியற்காலை. ‘புஸ் மாத்’ என்ற ஒற்றை இயந்திர விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றினார்கள். எல்லாம் சேர்த்து 55 பவுண்டு, சுமார் 25 கிலோ. நம் ஊரில் ஓர் அரிசிச் சிப்பம் இருக்கும் எடைதான்! ஜே ஏறி உட்கார்ந்தார். அவருக்கு வயது 28.

விமானத்தில் வானொலி கிடையாது. வழியில் புயல் வருகிறதா என்று சொல்ல யாரும் இல்லை. கீழே தெரியும் ஆறும் ரயில் பாதையும் கடற்கரையுமே வழிகாட்டி. ஆமதாபாத்தில் இறங்கினார். பெட்ரோல் போட வேண்டும். பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? நாலு காலன் தகர டின்களில், மாட்டு வண்டியில்! ஆகாய விமானத்துக்கு மாடு தீனி சுமந்து வந்தது.

பிற்பகல் பம்பாயில் ஜுகூ கடற்கரைத் திடலில் இறங்கினார். நான் முதலில் சொன்ன காலத்துப் படங்கள் அங்கே எடுத்தவைதான். பம்பாய்த் தபால் போக, சென்னைத் தபாலை வின்சென்ட் வாங்கிக்கொண்டார். பல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். தென்னேரிப் பையன் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. சென்னையில் அதற்கு முன்பே, 1910-ல், தி ஆஞ்செலிஸ் என்ற ஓட்டல் முதலாளி விமானம் ஓட்டிக் காட்டியது உண்டு. அது வேடிக்கை. ஒழுங்காக, வாரா வாரம், தபாலோடு வந்தது இதுதான்.

ஜுகூத் திடல் வெறும் களிமண். மழைக் காலத்தில் குளமாகிவிடும். அப்போதெல்லாம் மூட்டை முடிச்சோடு பூனாவுக்குப் போய்விடுவார்கள். இந்தச் சங்கடங்களோடு முதல் வருஷம் 1,60,000 மைல் பறந்தார்கள். லாபம் 60,000 ரூபாய். நேரம் தவறாமைக்குச் சர்க்காரே பாராட்டியது. 1938-ல் அந்தப் பாதை சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

போனவர்கள்

ஆகாயம் அவருக்குக் கொடுத்தது அதிகம். பறித்ததும் உண்டு. கடைசித் தம்பி ஜாம்ஷெட்டுக்கும் அண்ணனைப் போலவே விமானப் பைத்தியம். 1936-ல் ஐரோப்பாவில் விமானம் விழுந்து அந்தத் தம்பி இறந்துபோனார். இருபது வயதைத் தாண்டிய நேரம்.

1942-ல் வின்சென்ட் போனார். உலகப் போர் நடந்த சமயம். இங்கிலாந்திலிருந்து கிளம்பிய விமானம் ஊர் வந்து சேரவில்லை. முதல் நாள் தபாலைப் பங்கு போட்டுச் சுமந்த இருவரில் ஒருவர்தான் மிச்சம். வின்சென்ட் இல்லாவிட்டால் அந்தத் தபால் விமானமே இல்லை என்று ஜே எங்கே பேசினாலும் எடுத்துச் சொல்வார். புகழ் முழுவதையும் தாமே வைத்துக்கொண்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை. அப்படிச் செய்யவில்லை.

கம்பெனி வளர்ந்த கதை பலருக்குத் தெரிந்ததே. 1946-ல் ஏர்-இந்தியா என்று பெயர் மாறியது. 1948 ஜூன் 8-ந் தேதி ‘மலபார் பிரின்சஸ்’ என்ற விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. 1953-ல் சர்க்கார் எல்லா விமானக் கம்பெனிகளையும் எடுத்துக்கொண்டது. ஜேக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சர்க்கார் கேட்டுக்கொண்டபடி ஏர்-இந்தியாவுக்குத் தலைவராக 25 வருஷம் இருந்தார். பயணம் போகும்போதெல்லாம் திரைச்சீலை கசங்கியிருக்கிறதா, தேநீர் நிறம் சரியா, மேஜையில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பு எழுதுவார். மாமியார் கெட்டார்!

1978 பிப்ரவரியில் அன்றைய மத்திய சர்க்கார் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. மாட்டு வண்டி டின்னில் பெட்ரோல் ஊற்றி ஆரம்பித்தவர் வீட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு 73 வயது.

மறுபடியும் அதே பாதை

இங்கேதான் இந்த மனிதரின் அதிசயமான காரியம் வருகிறது.

பழைய படங்களை நாம் என்ன செய்கிறோம்? கண்ணாடி போட்டு மாட்டுகிறோம். ஜே 1962-ல், முப்பதாவது வருஷத்தில், ஒரு பழைய விமானத்தை எடுத்துக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடி பறந்து காட்டினார். அப்போது 58 வயது. அதற்குள் கராச்சி வேறு நாடு ஆகியிருந்தது.

ஐம்பதாவது வருஷம் வந்தது. 1982. ஜேக்கு 78 வயது. இருதயக் கோளாறு வேறு. மறுபடியும் பறக்கப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை. நாட்டில் இளைஞர்களுக்கு உற்சாகம் குன்றிவிட்டது, முதல் நாள் இருந்த அந்தத் துடிப்பை அவர்கள் ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எனக்கு அது மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. ஏர்-இந்தியா அவர் கையில் இல்லை. தம்பி இல்லை, வின்சென்ட் இல்லை. அந்தப் பாதை ஒன்றுதான் அவரிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாதது.

‘லெப்பர்ட் மாத்’ என்ற பழைய விமானத்தைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டார்கள். ‘புஸ் மாத்’துக்கு அடுத்துப் பிறந்த ரகம். 1982 அக்டோபர் 15-ந் தேதி, அதே நாளில், கராச்சியிலிருந்து தாமே ஓட்டிக் கிளம்பினார். ஆமதாபாத்தில் இறங்கினார். பிறகு பம்பாய் ஜுகூ. பெருங்கூட்டம் காத்திருந்தது. சின்ன விமானம் வானத்தில் புள்ளியாகத் தெரிந்து, வட்டமிட்டு, மெல்ல இறங்கி வந்து நின்றது.

பத்து வருஷம் கழித்து, 1992-ல், பாரத ரத்னா பட்டம் கொடுத்தார்கள். மறு வருஷம் நவம்பர் 29-ந் தேதி ஜெனீவா நகரில் கண் மூடினார். பாரிசில் அடக்கம் செய்தார்கள். நாடாளுமன்றம் அவருக்காக அன்றைய அலுவலை ஒத்திவைத்தது. ஏர்-இந்தியா மறுபடி டாட்டா கையில் வந்தது 2022 ஜனவரி 27-ந் தேதி. அதைப் பார்க்க அவர் இல்லை.

பூனாவில் டாட்டா கம்பெனியார் ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறார்கள். ஜே எழுதிய கடிதங்களும், டாட்டா குடும்பத்துப் படங்களும் அங்கே பாதுகாப்பில் இருக்கின்றன. 1932-ம் ஆண்டுப் படத்தையும் 1982-ம் ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதே ஜுகூ. அதே சிறு விமானம் போன்ற ஒன்று. முதல் படத்தில் கறுத்த தலை. இரண்டாவதில் வெளுத்த தலை.

தென்னேரிப் பையன் கதையைக் கேட்டு முடித்ததும் உள்ளே ஓடிப் போய் ஒரு பென்சில் எடுத்து வந்தான். பாட்டி படத்தின் பின்னால் என்ன எழுதுவது என்று அம்மாவைக் கேட்டான். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைத்தெருவுக்கு அப்பால் மாமியாரின் தங்கை ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்றார். படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பையன் புறப்பட்டுவிட்டான்.